வற்றிய நீர்த்தேக்கமும் மிதவை வளையத் தூண்டிலும்

முன்னுரை

தூண்டில் தமிழர்க்குப் புதியதன்று. சூதாட்டத்தில் பெறும் வெற்றியின் கேட்டை உணர்த்த வந்த வள்ளுவர், தூண்டில் இரும்பை இரையென்று எண்ணி மீன் விழுங்குவதையே உவமையாக எடுத்தாண்டார். ஆறும் ஏரியும் குளமும் நிறைந்த நம் நாட்டில் தூண்டிலிடுவதைக் காணாதவர் இலர். எனினும், காற்றடைத்த வளையத்தின் நடுவே அமர்ந்து, கால்களால் நீரை உதைத்து நகர்ந்து, 'பாஸ்' என்னும் மீனைப் பிடிக்கும் அமெரிக்க முறையை நம்மவருள் பலர் அறிந்திரார். கலிபோர்னியா மாநிலத்தின் நீர்த்தேக்கங்கள் வறட்சியால் வற்றும்போது இம்முறை தனிப் பயன் பெறுகிறது. வற்றிய நீர் தூண்டிற்காரருக்கு எதைக் கொடுக்கிறது, அவரிடமிருந்து எதை எதிர்பார்க்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாஸ் மீனின் இயல்பு

நம் கடற்கரைக் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்று அழைப்பதுண்டு. இங்குக் கூறப்படுவது அதுவன்று. இது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய நன்னீர் மீன். வாய் அகன்று, தாடை கண்ணைக் கடந்து நீண்டிருப்பதால் 'பெருவாய் பாஸ்' எனப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது கலிபோர்னியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. மிகுதியாக வளரும் புளோரிடா வகை மீன்கள் 1959-இல் சான் டியாகோ நகர்ப்புறத் தேக்கத்தில் விடப்பட்டன.

இதன் வாழ்க்கை முறை நம் விரால் மீனை நினைவூட்டுவது. இரையைத் துரத்தி அலைவதைவிட, நீர்ப்பூண்டு, மரக்கட்டை, பாறை இவற்றின் மறைவில் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வுவதே இதன் வழக்கம். இளவேனிற் காலத்தில் நீர் சற்று வெதுவெதுப்பானதும் ஆண் மீன் கரையோர ஆழமற்ற பகுதியில் குழி பறித்துக் கூடமைக்கிறது. பெண் மீன் இட்ட முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் தானே காவல் காக்கிறது. அந்நாட்களில் நீர்மட்டம் விரைந்து இறங்குமானால் கூடு கரையேறி முட்டைகள் காய்ந்து போகும். ஆகவே வறட்சி, வளர்ந்த மீனை மட்டுமன்றி அடுத்த தலைமுறையையும் தாக்குகிறது எனலாம்.

வறட்சியின் அளவு

கலிபோர்னியாவின் ஓரோவில் அணை 1968-ஆம் ஆண்டில் பணி முடிவுற்றது. 770 அடி உயரமுள்ள இதுவே அமெரிக்காவின் மிக உயரமான அணை. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 150 டி.எம்.சி.; நம் மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதோடு ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். கடல்மட்டத்திலிருந்து 900 அடி வரை நிரம்பும் இத்தேக்கம், 2021 ஆகஸ்டில் சுமார் 640 அடிக்கு இறங்கியது. நீர்க் குறைவால் அங்குள்ள மின் நிலையம் முதன்முறையாக நிறுத்தப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட வீட்டுப் படகுகள் கரையேற்றப்பட்டன. படகிறக்கும் சாய்தளங்கள் நீரை எட்டாமல் வறண்ட மண்ணில் முடிந்து நின்றன.

மிதவை வளையம்

பெரும்படகுகள் செயலற்றுப்போகும் இத்தகைய நேரத்தில்தான் மிதவை வளையம் உதவுகிறது. தொடக்கத்தில் இது லாரிச் சக்கரத்தின் உட்குழாயைத் துணியுறையால் மூடி, நடுவில் ஓர் இருக்கை தைத்த எளிய கருவியாகவே இருந்தது. பின்னர் முன்புறம் திறந்த குதிரைலாட வடிவிலும், இரு காற்றுக்குழாய்கள் கூம்பிச் சேரும் வடிவிலும் செய்யப்படலாயிற்று. முன்புறம் திறந்திருப்பதால் ஏறுவதும் இறங்குவதும் எளிது. ஒன்றுக்கு மேற்பட்ட காற்றறைகள் உள்ள வளையத்தில் ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும்.

இதில் அமர்பவர் மார்பளவு நீர்புகா உடையும், வாத்தின் பாதம் போன்ற துடுப்புக் காலணியும் அணிகிறார். கால்களை முன்னோக்கி உதைப்பதால் அவர் பின்னோக்கியே நகர்கிறார். கைகள் இரண்டும் தூண்டிற்கோலுக்கு ஒழிந்திருக்கும். நம் காவிரிப் பரிசலில் துடுப்புப் போடக் கை வேண்டும். இங்கோ அவ்வேலையைக் கால் செய்கிறது. ஓசையும் மிகக் குறைவு. முதுகில் சுமந்து செல்லக்கூடியது என்பதால் சாய்தளம் எட்டாத நீரையும் இது எட்டும்.

ஏரித்தளம் கற்பிக்கும் பாடம்

மேட்டூரில் நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளிப்படுவதை நாம் அறிவோம். அதுபோல, கலிபோர்னியாவின் பால்சம் ஏரி வற்றியபோது, தங்க வேட்டைக் காலத்து ஊராகிய மார்மன் தீவின் சுவர்கள் 2014-ஆம் ஆண்டை ஒட்டி வெளியே தெரிந்தன. பழம்பொருள் நாடுவோர்க்கு அது வரலாறு. தூண்டிற்காரருக்கோ அது மீனின் இருப்பிடம் காட்டும் வரைபடம். பழைய ஆற்றுவழி, ஓடை கலக்குமிடம், மரமுளைகள், கற்சுவர், மூழ்கிய சாலை ஆகியவை எங்கெங்கு உள்ளன என்பதை அவர் நடந்தே பார்த்துக் குறித்துக்கொள்கிறார். தேக்கம் மீண்டும் நிரம்பும்போது அக்குறிப்பு பயன் தரும்.

வற்றிய காலத்திலேயே பிடிக்க விழைவோரும் இவ்வறிவையே துணைக்கொள்கின்றனர். கரையோரப் புதர்கள் வறண்டு மேலே நின்றுவிடுவதால், மீன்கள் எஞ்சிய மறைவிடங்களில் நெருங்கிக் கூடுகின்றன. கோடையில் மேல்நீர் சூடேறும். அடிநீரில் உயிர்வளி குன்றும். இடைப்பட்ட அடுக்கிலேயே மீன் தங்கும். ஆதலின் விடியற்காலையில் கரையோரத்திலும், வெயிலேறியபின் பழைய ஆற்றுவழியின் விளிம்பிலும் புழுவடிவப் பொய்யிரையை மெல்ல இழுத்துத் தூண்டிலிடுவர்.

காக்க வேண்டிய முறைகள்

இம்முறையில் ஆபத்தும் உண்டு. மேலே காய்ந்து கீழே குழைந்திருக்கும் சேறு இடுப்பளவு விழுங்கக்கூடும். மூழ்கிய முள்வேலி வளையத்தைக் கிழிக்கும். காற்றெழுந்தால் காலுதைப்பின் வேகம் அதற்கு ஈடாகாது. எனவே உயிர்காப்பு அங்கி அணிதலும், கரையை விட்டு விலகாமையும், செல்லும்போது காற்றை எதிர்த்துச் சென்று திரும்பும்போது காற்றோடு வருதலும் முதல் விதிகளாகும். குடிநீர்த் தேக்கங்களில் மனித உடல் நீரில் படும் பொழுதுபோக்குகளைக் கலிபோர்னியாச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, விதிவிலக்குகளும் உள. ஆகவே ஒவ்வொரு தேக்கத்தின் விதியையும் அறிந்தே இறங்க வேண்டும். அயல்நாட்டு மட்டிச் சிப்பிகள் ஒரு நீரிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாதிருக்க, வளையத்தையும் காலணியையும் கழுவி உலர்த்துவதும் கடமையாகும்.

இவற்றினும் மேலானது மீனிடம் காட்டும் அளவுணர்வு. குறைந்த நீரில் கூடிய மீன் எளிதில் அகப்படும். சூடேறிய நீரில் போராடிக் களைத்த மீன் எளிதில் இறக்கவும் செய்யும். ஆகவே தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை நசுக்கிவிடுவதும், ஈரக் கையால் பற்றுவதும், மீனை வெந்த மண்ணில் கிடத்தாமல் நீரிலேயே முள்ளை நீக்கி விடுவதும் நல்ல பழக்கங்கள். வெப்பம் மிகுந்த நாளில் தூண்டிலைச் சுருட்டி வைப்பதும் அறிவுடைமையே. 1968-இல் பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தை நிறுவிய ரே ஸ்காட், பிடித்த மீனைக் கொல்லாமல் விடும் இயக்கத்தை 1972-இல் தொடங்கினார். பரிசுப் போட்டிகளில் ஈடுபட்டவர்களிடமிருந்தே இக்கொள்கை எழுந்தது என்பது நினைக்கத்தக்கது.

முடிவுரை

வறட்சி நிலையானதன்று. ஓரோவில் தேக்கம் 2023-இல் மீண்டும் நிரம்பியது. வறண்ட தளத்தில் முளைத்த புல்லும் புதரும் நீரில் மூழ்கும்போது புழுபூச்சி பெருகும்; குஞ்சுகளுக்கு உணவும் மறைவிடமும் கிடைக்கும்; பாஸ் இனம் செழிக்கும். ஆனால் அச்செழிப்புக்கு விதை, வறட்சியில் உயிர் தப்பிய மீன்களே. அவற்றை ஆசையால் அள்ளிவிட்டால், நிறைந்த நீரும் வெறும் நீராகவே கிடக்கும். வற்றிய காலத்தில் எளிதாகக் கிடைப்பது, விளைவை எண்ணாதவர்க்கு இரை போலத் தோன்றும் தூண்டில் முள்ளே. அதை உணர்ந்து, குறையும் காலத்தில் கையை அடக்குபவரே நிறையும் காலத்தில் பயன்பெறுவர். இது மீனுக்கு மட்டுமன்று, ஏரி, ஆறு, நிலத்தடி நீர் என நாம் பொதுவில் பெற்ற செல்வங்கள் அனைத்திற்கும் பொருந்தும்.