டிரைலருக்குக் கீழே எதை வைப்பது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் போனால் டிராக்டரிலிருந்து கழற்றிவிட்ட இரண்டு சக்கர டிரைலர்களைப் பார்க்கலாம். அவற்றின் மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். சிலவற்றில் உரிய ஸ்டாண்டு இருக்கும். மற்றவற்றில் இரண்டு ஹாலோ பிளாக், அல்லது ஒரு மரத்துண்டு, அல்லது பழைய சக்கர ரிம். தேங்காய் ஏற்றுகிறவர்களும் மட்டை அடுக்குகிறவர்களும் அதை நம்பித்தான் மேலே ஏறுகிறார்கள்.

அதே மாதிரி சேஸின் மேல் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி வைத்து, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடாக ஆக்கிக்கொள்ளும் ஆசை இப்போது பரவி வருகிறது. பக்கத்திலுள்ள கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. உள்ளே குழந்தைகள் தூங்கப்போகிறார்கள் என்றால் ஹாலோ பிளாக் கதை உதவாது. ஜாக்கியும் ஸ்டாண்டும் வாங்கப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கடையில் இல்லை, நிற்கப்போகும் மண்ணில் இருக்கிறது.

மண்ணின் மேல் மட்டம் பார்த்து வண்டி நிறுத்துவதில் தேர்ந்தவர்கள் போர்வெல் லாரிக்காரர்கள். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி இந்தியா முழுக்கச் சுற்றும் அந்த லாரிகள் நம் வயல்களுக்கும் வருகின்றன. அவர்கள் வேலை செய்யும்போது நின்று பாருங்கள். ஜாக்கிக் காலை இறக்குவதற்கு முன் அது படும் இடத்தில் தடித்த மரப்பலகையைப் போடுகிறார்கள். லாரி சாய்ந்து நின்றால் துளை கோணலாகப் போகும், பிறகு கேசிங் பைப் இறங்காது. அதனால் மட்டத்தில் அவர்களுக்குச் சமரசமே கிடையாது.

பலகை ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். ஒரு ஜாக்கியின் அடிப்பகுதி பத்து சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 1 டன் இறங்கினால், மண்ணின் மேல் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 100 டன் வீதம். கட்டட அடித்தளத்துக்கான இந்தியத் தர அட்டவணையில் கெட்டியான கருங்கல் பாறைக்குச் சுமார் 330 டன் வரை கொடுத்திருக்கிறார்கள். தளர்வான நுண்மணலுக்கும், பெருவிரலால் ஓரளவு அழுத்தினால் குழியும் களிமண்ணுக்கும் ஏறக்குறைய 10 டன்தான். விரல் உள்ளேயே இறங்கிவிடும் களிமண்ணுக்கு 5 டன். ஆக, நார்த்தாமலையிலோ திருமயத்திலோ பாறை மேல் வெறும் ஜாக்கியே தாங்கும் (வழுக்காமல் பார்த்துக்கொண்டால்). ஆவுடையார்கோயில் பக்கத்து நெல்வயல் ஓரத்தில் அதே ஜாக்கி கண்ணெதிரே புதையும். அடியில் 45 சென்டிமீட்டர் சதுரப் பலகை போட்டால் அந்த 100 டன் அழுத்தம் 5 டன்னுக்குக் குறைகிறது. பலகை இரண்டு அங்குலமாவது கனமாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்து, பாரம் மறுபடியும் ஒரே இடத்தில்தான் விழும். விரல் தானாக இறங்கும் மண்ணில் பலகை போட்டாலும் விளிம்பில்தான் நிற்கிறோம், அங்கே ராத்தங்காமல் இருப்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண்ணின் தாங்குதிறன் பாதியாகக்கூடக் குறையும். சித்திரையில் நின்ற இடம்தானே என்று அப்போது போய் நிறுத்தக்கூடாது.

இனி ஜாக்கி. டயர் கடைகளில் அதிகம் புழங்குவது எண்ணெயில் இயங்கும் பாட்டில் ஜாக்கி. 1851இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தது அது. விரலளவு பிஸ்டனில் கொடுக்கும் அழுத்தத்தை அகன்ற பிஸ்டனுக்குக் கடத்தி, ஒற்றை ஆளை டன் கணக்கில் தூக்க வைக்கிறது. தூக்குவதற்கு அதைப் போல் வசதி இல்லை. ஆனால் மேலே நிற்கும் மொத்தப் பாரத்தையும் பிடித்து வைத்திருப்பது உள்ளேயிருக்கும் ரப்பர் சீல். அது தேய்ந்தால் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து, ராத்திரியில் நிறுத்திய மட்டம் விடியும்போது இருக்காது.

ஸ்குரூ ஜாக்கி மெதுவானது, கையை நோகச்செய்யும். நாம் கொடுக்கும் பலத்தில் பாதிக்கு மேல் மரையின் உராய்விலேயே போய்விடுகிறது. அந்த உராய்வுதான் நமக்குக் காவல்: கையை எடுத்த பிறகும் ஸ்குரூ தானாகத் திரும்பாது. அதனால் டிரைலரின் மூக்கில் நிரந்தரமாகப் பொருத்த ஸ்குரூ ஜாக்கியையே நான் சொல்வேன். பஞ்சர் வேலைக்கு ஒரு பாட்டில் ஜாக்கி தனியாக இருக்கட்டும். ஒன்றரை டன் வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்க 2 டன் ஜாக்கியே போதும், 3 டன் என்றால் நிம்மதி. வாங்கும் முன் டயரின் காற்றை இறக்கிவிட்டு, அச்சுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். மடக்கிய நிலையில் ஜாக்கியே அதைவிட உயரமாக இருந்தால், தேவைப்படும் நேரத்தில் உள்ளே நுழையாது.

மட்டம் பிடிப்பதில் வரிசை முக்கியம். முதலில் இடம் வலம். ரசமட்டத்தைத் தரைப்பலகை மேல் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்து டயருக்கு முன்னால் பலகை போட்டு வண்டியை அதன் மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். அடுத்து, காரிலிருந்து கழற்றும் முன்பே, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை. அதன் பிறகுதான் கொக்கியைக் கழற்றி, மூக்கு ஜாக்கியைத் திருகி முன்பின் மட்டம் பார்ப்பது. கடைசியாக நான்கு மூலைகளிலும் ஸ்டாண்டுகளை இறக்கி, தரையில் இறுக்கமாகப் படும்வரை மட்டும் திருக வேண்டும். மூலையில் பொருத்தியிருக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை. அவற்றைக் கொண்டே வண்டியைத் தூக்கப் பார்த்தால் கால் வளையும், சேஸ் முறுக்கும், கதவு நிலையில் சிக்கும்.

ஆப்புக்கட்டையை அலட்சியமாக நினைப்பவர்களுக்குத் தேர்த்திருவிழாவை நினைவூட்ட வேண்டும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்தே தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்கிறார்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், கட்டை போடுகிறவர் கையில்தான் ஓட்டம் இருக்கிறது. 2022 ஜூலை 31 அன்று ஆடிப்பூரத் தேரோட்டத்தில் திருக்கோகர்ணத்தில் தேர் கவிழ்ந்து பலர் காயமடைந்தார்கள். சக்கரத்தின் மேல் நிற்கும் பாரம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டாண்டு விஷயத்தில் என் கருத்து கறாரானது. ஜாக்கி தூக்கி முடித்தவுடன் பாரம் ஸ்டாண்டுக்கு மாறிவிட வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது, இரண்டு நிமிட வேலை என்றாலும். ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது. அவை எச்சரிக்கை தராமல் ஒரேயடியாக உடைபவை. புளி, வேம்பு போன்ற கெட்டி மரக்கட்டை நசுங்கும்போது முறுமுறுக்கும், விலக நேரம் கிடைக்கும். கட்டையை அடுக்குவதானால் குறுக்கும் நெடுக்குமாக, அடி அகலமாக இருக்கட்டும். கடையில் வாங்கும் ஸ்டாண்டுகளில் பல்சக்கரம் வைத்தவையும் குறுக்குக் கம்பி செருகுபவையும் உண்டு. கம்பி செருகுவதே எனக்குப் பிடித்தது. முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் இவற்றின் கால்கள் ஒர்க்‌ஷாப்பின் சிமென்ட் தரைக்கென்று செய்தவை, மண்ணில் குத்தி இறங்கும். வெல்டிங் பட்டறையில் நான்கு கால்களுக்கும் அடியில் ஒரே கனத்த இரும்புத் தகட்டைப் பற்றவைத்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. உப்புக்காற்று ஸ்குரூவின் மரைகளைத் தின்றுவிடும். ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவ வேண்டும். மணலில் நிற்கும்போது இரவு ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் ரசமட்டத்தைப் பார்த்து, இறங்கிய மூலையின் ஸ்டாண்டைச் சற்றே திருகிக்கொள்ள வேண்டும்.

தோப்பில் நிற்கும் டிராக்டர் டிரைலருக்கும் இதே கணக்குதான். புது டிரைலர் செய்யக் கொடுக்கும்போதே மூக்கில் ஸ்குரூ ஜாக்கி, அதன் அடியில் அகலத் தகடு, பாடிக்குப் பக்கவாட்டில் ஆப்புக்கட்டைகளை மாட்ட ஒரு கொக்கி என்று பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் அன்றே சொன்னால் பெரிய செலவு ஆகாது.