நான்கு சக்கர முக்காலி

மாணவர்களே! நாகப்பட்டினம் வட்டாரத்தில் நெல் மூட்டைகள் திறந்தவெளியில் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே களிமண் தரை மழையில் குழையும், வெயிலில் வெடிக்கும். அத்தகைய மேடுபள்ளத்தில் மூட்டைகளைத் தூக்க எந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டியைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எவ்வளவு எடை தூக்கும் என்று கேட்டால் மட்டும் போதாது.

இவ்வண்டிக்குச் சக்கரங்கள் நான்கு. ஆனால், பின் அச்சு அதன் நடுப்புள்ளியில் மட்டும் வண்டியைத் தாங்கி, இருபுறமும் அசைகிறது. எனவே இது உண்மையில் ஒரு முக்காலி! முன் சக்கரங்கள் இரண்டும் பின் அச்சின் நடுப்புள்ளியுமே அதன் கால்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு இந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி கவிழாது.

ஈர்ப்பு மையம் 80 செ.மீ. உயரத்தில், முக்கோணத்தின் பக்கத்திலிருந்து 40 செ.மீ. உள்ளே இருப்பதாகக் கொள்வோம். சுமார் 27 பாகை சாய்ந்தால் நிற்கும் வண்டி கவிழும். சுமையை உயர்த்துவதால் மையம் 160 செ.மீ.க்கு ஏறினால், 14 பாகையே போதும்! வேகமாகத் திரும்பினால் அதற்கும் முன்பே கவிழலாம்.

ஆகவே, கிடங்கின் வழவழப்பான தரைக்கான சிறு சக்கர வண்டி இங்கே ஆகாது. காற்றடைத்த பெரிய டயர்களும், அகன்ற சக்கர இடைவெளியும், உயர்ந்த அடிப்பாகமும் தேவை. சுமையைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும். கவிழ்ந்தால் போவது ஓட்டுநரின் உயிரல்லவா?

ஒரு புத்தகத்தின் மேல் தீப்பெட்டியை முதலில் படுக்கவைத்தும் பிறகு நிறுத்தியும் சாய்த்துப் பாருங்கள். விடை உங்கள் கையிலேயே கிடைக்கும்.