முகத்துக்கு 75 மதிப்பெண்

மே மாதம் பிறந்துவிட்டால், கோவைப் பேருந்து நிலையங்களில் வந்திறங்கும் ஜனத்திரளில், கோபியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு, மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் அடங்கிய பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்தபடி நிற்கும் தகப்பனார்களை எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். கல்விக் கண்காட்சியில் சந்திக்கப்போகும் கல்லூரிப் பிரதிநிதியின் மனத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு நல்லபிப்பிராயம் உண்டாக வேண்டுமே என்பதுதான் அவர்களுடைய பிரதான விசாரம்.

இந்த விசாரத்துக்குப் பூர்வ சரித்திரம் உண்டு. 1970-இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்களில் 75 நேர்முகத் தேர்வுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தச் சேர்க்கையை எதிர்த்து வந்த பெரியகருப்பன் வழக்கில், அவ்வளவு மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு வைப்பது பார்த்த மாத்திரத்திலேயே அதிகமாகத் தோன்றுகிறது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. பத்தாண்டுக்குப் பின், ஸ்ரீநகர்ப் பொறியியல் கல்லூரி சம்பந்தமான அஜய் ஹாசியா வழக்கிலோ, இரண்டு மூன்று நிமிஷங்களில் ஏதேதோ கேட்டு ஓர் இளைஞனின் தகுதியை நிர்ணயிப்பது நியாயமன்று என்பதைக் கண்டு, நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாதென்று அந்த நீதிமன்றமே வரம்பு கட்டியது.

இன்றைய பொறியியல் கலந்தாய்விலோ அந்தப் பதினைந்தும் இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் ஒன்றே பேசும். மடிப்புக் கலையாத சட்டையைக் கணினி கவனிப்பதில்லை. அதனால், கல்விக் கண்காட்சி மேஜைக்குப் பின்னால் டை கட்டி அமர்ந்திருப்பவரைக் கண்டு பிள்ளைகள் நடுங்குவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. காலி இடங்களை நிரப்பியாக வேண்டிய நிர்ப்பந்தம் பல சமயங்களில் அவருக்குத்தானே!

ஆயினும் நேர்முகம் அடியோடு மறைந்துவிடவில்லை. சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டுக் கல்லூரிகளிலும் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது பெற்றோரின் வாத்ஸல்யமே. "தம்பி, எந்த குரூப்?" என்று பிரதிநிதி பையனைப் பார்த்துக் கேட்க, "பயோ மேத்ஸ்ங்க சார், கம்ப்யூட்டர் எடுக்கலாம்னு இருக்கானுங்க" என்று தகப்பனார் முந்திக்கொள்கிறார், பையனோ ஃபைலின் பட்டனைத் திறந்து திறந்து மூடுகிறான். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களைக் காட்டிலும், அந்தப் பையன் தன் வாயால், "முதல் வருஷத்திலேயே ஒர்க் ஷாப்புக்கு விடுவீங்களா சார்? போன வருஷம் வேலை கிடைச்சவங்க பட்டியலைப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டால் போதும், பிரதிநிதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அச்சடித்த பிரசுரத்தை ஒதுக்கிவிட்டுப் பேசத் தொடங்குவார்.