மாசத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு?



சேமிப்பு, கடன், வட்டி என்று எல்லாக் கணக்கையும் நோட்டில் சரியாக எழுதி வைக்கிறோம். ஆனால் வீட்டில் மாசத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு செலவாகுது என்று கேட்டால் யோசிக்கிறோம். இந்த மாதம் அந்தக் கணக்கைப் பார்ப்போம். உப்பு கூடினால் ரத்தக் கொதிப்பு (பி.பி.) கூடும். பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதன் பின்னாலேயே வரும். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் தறி நிற்கும், ஆஸ்பத்திரி செலவுக்குக் கடன் ஏறும். இது நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

எவ்வளவு உப்பு போதும்?

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். குழம்பு, பொரியல், ஊறுகாய், மிக்சர் எல்லாம் சேர்த்தே இந்த அளவு. 2017-18ல் இந்தியா முழுவதும் எடுத்த ஆய்வில், நாம் சராசரியாக 8 கிராம் சாப்பிடுவது தெரிந்தது. பெண்கள் 7.1 கிராம், ஆண்கள் 8.9 கிராம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். 30 நாளுக்கு 600 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளிலேயே தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகுது. "கழுவுறதுல, வடிக்கிறதுல கொஞ்சம் வீணாகுமே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் கடையில் வாங்கும் ஊறுகாயும் தின்பண்டமும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

உப்பு உடம்பில் என்ன செய்யுது?

உப்பில் நூற்றுக்கு 40 பங்கு சோடியம். அது அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு கூடும், ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் வலி இருக்காது, அறிகுறி இருக்காது. தமிழ்நாட்டில் 2020ல் நடந்த ஆய்வில், பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது.

உப்பைக் குறைத்தால் எடை குறையுமா?

உப்பு கொழுப்பாக மாறாது. உப்பைக் குறைத்ததும் முதல் சில நாளில் எடை இறங்கினால், அது உடம்பில் தேங்கிய தண்ணீர்தான். ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. உறைப்பும் உப்புமாக ஊறுகாய் இருந்தால் சோறு இரண்டு கரண்டி கூடவே போகும். மிக்சர், பஜ்ஜி, சிப்ஸில் உப்போடு எண்ணெயும் சேர்ந்து வரும்.

தறியில் உட்கார்ந்தால் கையும் காலும் வேலை செய்யும், ஆனால் நாள் முழுக்க ஒரே இடம். தார் சுற்றுவதும் அப்படித்தான். வயல் வேலை செய்கிறவர் சாப்பிடும் அளவு சோறு நமக்குத் தேவை இல்லை. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கவும். ஒரு கிலோ எடை குறைந்தால் ரத்த அழுத்தம் சுமார் ஒரு புள்ளி இறங்கும். தையல் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

ருசி குறையாமல் எப்படி?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். உப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம்ம காஞ்சிபுரம் கோயில் இட்லியை நினைத்துப் பாருங்கள். மிளகு, சீரகம், சுக்கின் வாசனையே முன்னால் நிற்கும். தினசரிச் சமையலிலும் இந்த வழி நமக்கு உதவும்.

• மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சை, கொத்தமல்லி சேர்த்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.
• கையால் அள்ளிப் போடாமல் ஸ்பூனால் அளந்து போடவும்.
• சோறு, சப்பாத்தி மாவு, மோரில் உப்பு வேண்டாம்.
• பழைய சோற்றுக்கு ஊறுகாய், மோர் மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம். அப்பளம், வடாம், கருவாடு எப்போதாவது மட்டும்.
• சமையல் சோடா, அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு.
• பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லி கிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

கவனிக்க வேண்டியவை

கல் உப்பு, இந்துப்பு என்று மாற்றினால் சோடியம் பெரிதாகக் குறையாது. அயோடின் கிடைக்காமல் போகலாம். எனவே அயோடின் கலந்த உப்பையே குறைவாகப் பயன்படுத்துங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலக் கூடாது. முகம், கை வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கட்டாயம் கொடுக்கணும், "உப்பாச்சே" என்று நிறுத்தாதீர்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்தக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு

இன்றே உப்பு பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். தீர்ந்த அன்று எத்தனை நாள் வந்தது என்று பார்த்து, குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி போய்ப் பார்த்து, டாக்டர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். எல்லோரும் சாப்பிடுவது ஒரே குழம்புதானே!