மதிப்புரையை எவ்வளவு நம்பலாம்?

நூலுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் நமக்குப் பழகியது. மதிப்புரையாளர் படித்த நூலும் நாம் கடையில் வாங்கும் நூலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அவர் கருத்தோடு நாம் மாறுபடலாம். ஆனால் அவர் கண்ட பொருள் வேறு, நாம் பெற்ற பொருள் வேறு என்று சொல்ல இடமில்லை. கணினி உறுப்புகளின் நிலை அவ்வாறன்று. எஸ்.எஸ்.டி. வாங்க விரும்பும் நண்பர்கள் பலர், "மதிப்புரையை நம்பலாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நம்பலாம், ஆனால் எதை, எவ்வளவு நம்புவது என்று அறிந்து நம்ப வேண்டும். அதனை இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் அதன் அமைப்பைக் காண்போம். பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ள சுழலும் தட்டு எஸ்.எஸ்.டி.யில் இல்லை. தரவைத் தாங்கும் பிளாஷ் சில்லுகளும், அவற்றை ஆளும் கன்ட்ரோலர் என்னும் சில்லும் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் மூன்று பிட்டுகளை வைப்பது டி.எல்.சி.; நான்கை வைப்பது க்யூ.எல்.சி. நான்கு வைத்தால் விலை குறையும். எழுதும் வேகமும் உழைக்கும் காலமும் கூடவே குறையும். இக்குறையை ஈடுசெய்ய, ஒரு பகுதியை மட்டும் அறைக்கு ஒரு பிட்டு வீதம் கேஷாகப் பயன்படுத்துவர். புதிதாக வருவது முதலில் அங்கே விரைந்து எழுதப்படும். அது நிரம்பிய பின்னரே உண்மை வேகம் வெளிப்படும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எழுதும் வேகம் பெரும்பாலும் கேஷின் வேகமே. சில நொடிச் சோதனையோடு நின்றுவிடும் மதிப்புரையும் அதையே திருப்பிச் சொல்கிறது.

இனி, சிக்கலின் மையத்துக்கு வருவோம். பெயர் மாறாமலே உள்ளிருப்பது மாறும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. கிங்ஸ்டன் வி300 நல்ல மதிப்புரைகளைப் பெற்றபின், அதில் வேகம் குறைந்த பிளாஷ் பொருத்தப்பட்டதை 2014-இல் ஆனந்த்டெக் இதழ் எடுத்துக்காட்டியது. குரூஷியல் பி2 2020-இல் டி.எல்.சி.யோடு வெளிவந்தது, அதே பெயரில் க்யூ.எல்.சி. விற்கப்படுவதை 2021-இல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ் சோதித்து வெளியிட்டது. அவ்வாண்டிலேயே வெஸ்டர்ன் டிஜிட்டலின் புளூ எஸ்.என்.550, கேஷ் நிரம்பிய பின் நொடிக்கு 610 மெகாபைட் எழுதிய நிலையிலிருந்து 390-க்கு இறங்கியது தெரியவந்தது. இனி இத்தகைய மாற்றங்களுக்குப் புதிய மாதிரி எண் இடுவதாக அந்நிறுவனம் கூறியது. இவற்றுள் எதிலும் முதலில் எழுதிய மதிப்புரையாளர் பொய் உரைத்தார் அல்லர். தம் கையில் இருந்ததைப் பற்றி உண்மையே எழுதினார். நம் கைக்கு வந்தது அதுவன்று.

காலமும் ஒரு தடையே. சாம்சங் 840 ஈவோவில் புதிதாக எழுதியவை விரைந்து படிக்கப்பட்டன. பல வாரங்கள் கிடந்த பழைய கோப்புகளோ மிக மெதுவாகப் படிக்கப்பட்டன. இக்குறை 2014-இல் தெரிந்தது. அதனைத் தீர்க்க அந்நிறுவனம் அவ்வாண்டும் மறு ஆண்டும் திருத்த மென்பொருள் வெளியிட்டது. ஒரு வாரச் சோதனையில் இஃது எப்படித் தெரியும்?

மாறாக, டெக் ரிப்போர்ட் இதழ் 2013 முதல் 2015 வரை ஆறு எஸ்.எஸ்.டி.களில் இடைவிடாது எழுதிப் பார்த்தது. ஆறும் 700 டெராபைட்டுக்கு மேல் தாங்கின. நம் மாணவர் எவரும் அவ்வளவு எழுதப் போவதில்லை. ஆதலின் எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சம் வேண்டுவதில்லை. ஆயினும் ஆறே பொருள்களைக் கொண்டு எந்நிறுவனம் சிறந்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

மதிப்புரை படிக்கும்போது நான் நான்கு செய்திகளைத் தேடுகிறேன். ஒன்று, அது எழுதப்பட்ட நாள். பின்னர் மாற்றம் நிகழ்ந்ததா என்றும் பார்க்கிறேன். இரண்டு, சோதித்த கொள்ளளவு; 1 டெராபைட்டின் வேகம் 250 ஜிகாபைட்டுக்குப் பொருந்தாது, ஏனெனில் சிறியதில் ஒரே வேளையில் உழைக்கும் சில்லுகள் குறைவு. மூன்று, கேஷ் நிரம்பும்வரை எழுதிப் பார்த்தனரா என்பது. நான்கு, பொருளைக் கடையில் வாங்கினரா, நிறுவனம் அனுப்பியதா என்பது. கடையில் வாங்கிச் சோதித்ததற்கே என்னிடம் மதிப்பு அதிகம்.

வாங்கியபின், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பெரிய கோப்புகளை எழுதிப் பாருங்கள். நீங்கள் வாங்கிய அந்த ஒன்றைப் பற்றிய மதிப்புரையை நீங்களே எழுத முடியும்.

நண்பர்களே, நூறு எஸ்.எஸ்.டி.களில் எது நாளை நின்றுபோகும் என்பதை எம்மதிப்புரையாலும் சொல்ல இயலாது. பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். மூன்றாண்டு உழைத்த ஆய்வேடு போனால் என் செய்வது? சிறந்ததையே வாங்கினும், அதன் படியொன்றை வேறிடத்தில் வைத்திருங்கள்.