ஆறு உடல்களில் ஒரு பெட்டைக் குதிரை

2016 டிசம்பரில் ப்யூனஸ் அயர்ஸ் நகரின் பலெர்மோ மைதானத்தில் அர்ஜென்டினா ஓபன் போலோ இறுதிப் போட்டி. வென்ற லா டோல்ஃபினா அணியின் அடோல்ஃபோ காம்பியாசோ அன்று மாறி மாறி ஏறிய குதிரைகளில் ஆறு, குவார்டெடெரா என்ற ஒரே பெட்டைக் குதிரையின் குளோன்கள்.

அப்படி நகலெடுக்க அதனிடம் என்னதான் இருந்தது? ஆட்டத்தைப் பார்த்தால் புரியும். சக்கர் எனப்படும் ஒரு ஆட்டப் பகுதி ஏழு நிமிடம் சொச்சம். அதற்குள் குதிரை நாலுகால் பாய்ச்சலில் பறக்க வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், பின்னங்காலை ஊன்றித் திரும்பி மறுபடி பாய வேண்டும். எதிரணிக் குதிரையைத் தோளால் தள்ளி ஒதுக்குவதும் விதிக்கு உட்பட்டதே. மட்டை சிக்காதிருக்கப் பிடரியை ஒட்ட மழித்து, வாலைப் பின்னி மடித்துக் கட்டிவிடுவார்கள். வீரரின் வலக்கை மட்டைக்கே போய்விடும் (இடக்கைக்காரருக்கும் சலுகை கிடையாது). மிச்சமுள்ள இடக்கையில் கடிவாளம். அதை இழுப்பதற்கு முன்பே, மேலே இருப்பவரின் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து திரும்பிவிடுகிற குதிரைதான் சாம்பியன்.

இந்தச் சூட்டிகை ஒரே நாளில் வராது. இரண்டு மூன்று வயதில் சேணம் பழக்கி, பிறகு மட்டைக்கும் பந்துக்கும் பழக்கி, பெரிய போட்டியில் இறக்கச் சில ஆண்டுகளாவது ஆகும். அதன்பின் ஒரு கால் முறிந்தால் கதை முடிந்தது. காம்பியாசோவின் ஐகன் குரா என்ற ஆண் குதிரை 2006 ஓபன் இறுதிப் போட்டியில் அப்படித்தான் காலை இழந்தது. பிழைக்கவில்லை. ஆனால் அதன் செல்களை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் அவர். குளோனிங்கில் அவர் இறங்கியது அங்கிருந்துதான்.

முறை இதுதான்: உட்கரு நீக்கிய முட்டைக்குள் சாம்பியனின் செல்லிலிருந்து எடுத்த உட்கருவைச் செலுத்தி, வளரும் கருவை வாடகைத் தாய்க் குதிரையின் வயிற்றில் வைப்பார்கள். பிறக்கும் குட்டிகள் அச்சு அசலாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நெற்றியிலும் காலிலும் உள்ள வெள்ளை, குட்டிக்குக் குட்டி மாறும். எலும்பும் தசையும் வேகமும் மரபணுவோடு வரலாம், பழக்கம் வராது. ஒவ்வொன்றையும் ஆனா ஆவன்னாவிலிருந்து பழக்கியாக வேண்டும். அதனால் 2016 வெற்றியில் ஆய்வகத்தைவிட லாயத்துக்கே பங்கு அதிகம் என்பேன்.

சந்தை அப்படி நினைக்கவில்லை. 2010-இல், ஓர் ஆட்டம்கூட ஆடியிராத குவார்டெடெரா குளோன் குட்டி ஒன்று 8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.