தாராவியில் சிறுநீரக நோய்

மனிதனின் சிறுநீரகம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. பேச்சு வழக்கில் இதற்குக் குண்டிக்காய் என்றும் பெயருண்டு; முதியோரிடம் பேசும் பணியாளருக்கு அச்சொல் உதவக்கூடும். இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை மீண்டும் இரத்தத்தில் சேர்த்து, ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. பாதிக்கு மேல் பழுதுற்ற பின்னரும் இவ்வுறுப்பில் வலி தோன்றுவது அரிது. சிகிச்சையில் ஏழைக்கும் வசதியுள்ளோர்க்கும் இடையே காணும் வேற்றுமை இந்த மௌன காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மும்பை நகரின் நடுவே, இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சிய பரப்பில் அமைந்துள்ளது தாராவி. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமைத் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். மருத்துவமனை தொலைவில் இருப்பதால் சிகிச்சை கிட்டவில்லை என்று இவ்விடத்தைப் பற்றிக் கூற இயலாது. சயான் ஆஸ்பத்திரி என்று எல்லோரும் அழைக்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை 1947 முதல் அருகிலேயே இருந்து வருகிறது. அதன் நகர்ப்புற நல நிலையமொன்று தாராவிக்குள்ளேயே உண்டு. மக்கள் அதனைச் 'சோட்டா சயான்' என்பர். நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1965-இல் நடைபெற்றதும் இதே நகரில், பரேலிலுள்ள கே. இ. எம். மருத்துவமனையில்தான்.

அங்ஙனமாயின் தடை யாது? பெரும்பாலும் ஒரு நாள் கூலியே. தோல்பை தைக்கும் தொழிலாளிக்குத் தைத்த எண்ணிக்கைக்கே ஊதியம். முற்பகல் முழுவதும் புறநோயாளர் வரிசையில் நின்றால் அன்றைய வருவாய் போயிற்று. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மாதச் சம்பளம் பெறுபவர், அலுவலகத்தார் நடத்தும் ஆண்டுப் பரிசோதனையிலேயே தமது நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் அறிந்துகொள்ளலாம். தொழிலாளியோ, கால் வீங்கி மூச்சுத் திணறிய பின்னரே கொண்டுவரப்படுகிறார்.

அப்பொழுது எஞ்சுவது டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு. 2016-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்கு இதனைக் கட்டணமின்றி அளிக்கிறது. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் முறையான சிகிச்சைக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் வேண்டும். வண்டிச் செலவையும் உடன் வருபவரின் கூலியையும் எத்திட்டமும் முழுமையாக ஈடு செய்வதில்லை. ஆகவே பலர் வாரம் இருமுறையுடன் நின்றுவிடுகின்றனர். உறுப்பு மாற்றத்தில் வேறொரு வேற்றுமையும் காணப்படுகிறது. 1995 முதல் 2021 வரை நாட்டில் உறுப்புப் பெற்றோருள் ஐந்தில் நான்கு பங்கினர் ஆண்கள். உயிருடன் இருந்து ஈந்தோருள் பெரும்பான்மையோர் பெண்கள். இதற்கு வறுமை ஒன்றையே காரணமாகக் கூறிவிட முடியாது.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோர்க்கு ஆண்டுக்கொரு முறை இரு சோதனைகள் போதும்: சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின். இரண்டும் செலவு குறைந்தவை. தொடக்கத்திலேயே கண்டால் மருந்தினால் நோயின் வேகத்தைப் பெரிதும் தணிக்கலாம். எனலாப்ரில் நெடுநாளாகவே மலிவானது. சிறுநீரகத்தைக் காப்பதாக அண்மை ஆய்வுகளில் தெளிவான டாபாகிளிப்ளோசினும், 2025-இல் எம்பாகிளிப்ளோசினும் காப்புரிமை நீங்கி விலை இறங்கின. இவற்றை மருத்துவரே தேர்ந்தளித்தல் வேண்டும். மாநகராட்சி 2022-இல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மருந்தகங்கள் பல, இரவு 10 மணி வரை இயங்குமாறு அமைக்கப்பெற்றன. கூலியிழக்காமல் செல்வதற்கு இந்நேரமே ஏற்றது. வீடுகளுக்குச் செல்லும் பணியாளர், முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் தாமே வாங்கி உண்ணும் மாத்திரை அட்டைகளையும் காட்டச் சொல்லிப் பார்த்தல் நன்று. வலிநிவாரணிகளை நெடுநாள் உண்பது சிறுநீரகத்துக்குக் கேடு.

ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது வேறு. நெருக்கமாக வாழும் இடங்களில் சொறி சிரங்கு எளிதில் பரவும். சிரங்கோ தொண்டைப்புண்ணோ கண்ட சில வாரங்களுக்குள், காலையில் முகம் அதைத்தும், சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்திலும் இருப்பதாக ஒரு குழந்தை கூறுமாயின், அது சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். பெற்றோரை அழைத்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. இத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலோர் தக்க கவனிப்பில் முழு நலம் பெறுகின்றனர்.